பூஜ்ஜியம் மூடாத சாமான் சிட்டை: நுரையீரல் புற்றுநோய்க்குப் பிந்தைய கண்காணிப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். நுரையீரல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் மதுரையிலோ திருச்சியிலோ சென்னையிலோ நடக்கின்றன. அது முடிந்ததும் ஆள் ஒரு மஞ்சப்பை நிறைய ஃபிலிமோடு ஊருக்குத் திரும்பிவிடுகிறார். அப்புறம் இருமல் வந்தால், முதுகு வலித்தால், சாப்பாடு இறங்காவிட்டால் என்னைப் போன்ற ஒருவரிடம்தான் வருகிறார். அப்படி வந்த ஒருவரை இரண்டு ஆண்டுக்கு மேலாகப் பார்த்ததன் பதிவு இது. அதில் நான் தவறவிட்ட பத்தொன்பது நாள்களும் அடக்கம். எழுதுவதற்கு அவரும் மனைவியும் சம்மதித்தார்கள். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

58 வயது ஆண். கல்யாணச் சமையல்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’, இங்கேயும் அப்படியே இருக்கட்டும். செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம் என்றால் ஒரு வேளைச் சோற்றோடு முடிவதில்லை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, மனகோலம், அதிரசம் என்று இரண்டாங்கட்டுக்குப் பின்னால் ஐந்தாறு அடுப்புகள் மூன்று நாளைக்கு அணையாமல் எரியும். பதினைந்து வயதிலிருந்து அந்தப் புகையில் நின்றவர். கூடவே முப்பது ஆண்டுக்கு மேல் பீடி. புகையிலை புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள் விறகெரிப்பதால் வரும் புகையையும், அதிகச் சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை’ என்ற 2ஏ வகுப்பில் வைத்திருக்கிறது. இவருக்கு மூன்றும் சேர்ந்திருந்தன.

சளியில் ரத்தக் கோடு தெரிந்தபோது முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். எக்ஸ்ரேயில் வலது மேல்பக்கம் நிழல். சளிப் பரிசோதனை செய்யாமலே காசநோய் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டார், நிழல் குறையவில்லை. இந்தக் கதையை நம் பக்கத்தில் மருத்துவம் பார்க்கும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர் என்பதால் நிழலைக் கண்டதும் கை அந்த மாத்திரைக்குத்தான் போகிறது.

சிடி எடுத்ததில் வலது மேல் மடலில் 3.8 செ.மீ. கட்டி. ஊசி வழி சதைப் பரிசோதனையில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே இரண்டு மரபணு மாற்றமும் இல்லை. மூளை எம்ஆர்ஐ சுத்தம். பங்குனி மாதம் வலது மேல் மடலை எடுத்தார்கள். நுரையீரலுக்குள்ளிருந்த ஒரு நெறிக்கட்டியிலும் புற்றணு இருந்ததால் நிலை இரண்டு பி. பிறகு சிஸ்பிளாட்டின், பெமெட்ரெக்ஸட் என்ற கீமோ மருந்துகள் நான்கு சுற்று. ஆவணி பிறக்கும்போது சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்தார். டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்பு சிடி என்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வரிக்குள் இருப்பது

ஆறு மாதம் என்பது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. திரும்பி வரும் புற்றுநோயில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் வந்துவிடுகிறது. அதனால்தான் அறுவை முடிந்தவர்களுக்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கொரு சிடி, அதற்குப் பிறகு வருடத்துக்கொரு முறை குறைந்த கதிர்வீச்சு சிடி என்று பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பின்னாளைய வருடாந்தர சிடி பழைய கட்டியைவிடப் புதுக் கட்டியைத் தேடுவதற்காக. ஒரு நுரையீரல் புற்றுநோயிலிருந்து தப்பியவருக்கு இரண்டாவதாக இன்னொன்று முளைக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு பேர் என்ற அளவில் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. மார்பு சிடி எடுக்கும்போது சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வரை கீழே இறங்கி எடுக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். நுரையீரல் புற்று போய் உட்காரும் இடங்களில் அதுவும் ஒன்று.

பெட் ஸ்கேனையும், ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு மூளை எம்ஆர்ஐயையும், ரத்தத்தில் பார்க்கும் புற்றுக் குறிகளையும் தொந்தரவு எதுவும் இல்லாதபோது வழக்கமாக எடுக்கச் சொல்வதில்லை. ‘முழு உடம்பையும் ஒரே ஸ்கேன்ல பாத்துடலாமே டாக்டர்’ என்று மாஸ்டரின் மருமகன் கேட்டார். நியாயமான ஆசை. ஆனால் பெட் ஸ்கேனில் காசநோய்ப் புண்ணும் பளிச்சென்று எரியும், ஆறாத அறுவைத் தழும்பும் எரியும். நம் ஊரில் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க நேரும்.

சிடியே எவ்வளவு உதவுகிறது என்பதிலும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. பிரான்சில் அறுவை முடிந்த 1,775 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வெறும் எக்ஸ்ரே, இன்னொரு பகுதிக்கு சிடியும் கூடவே மூச்சுக்குழாய் உள்நோக்கியும். முடிவு 2022இல் வெளியானது. மொத்தத்தில் பார்த்தால் ஆயுளில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அதே நாட்டில் நடந்த இன்னொரு ஆய்வு 2017இல் வந்தது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் வாரத்துக்கு ஒருமுறை தங்கள் அறிகுறிகளை இணையம் வழியாகத் தெரிவித்தார்கள். மோசமான குறி வந்தால் மருத்துவருக்கு உடனே தகவல் போகும். அந்தக் குழுவின் இடைநிலை ஆயுள் 19 மாதம், வழக்கமான கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு 12 மாதம். நோயின் நிலை வேறு என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் கிடக்கும் ஐந்து மாதம் இருபத்தொன்பது நாளில் ஆளை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. மாஸ்டர் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் சொன்னேன்.

முதல் ஆண்டு: விரல், காது, பாகு

ஆவணியில் வந்தபோது அவருடைய முதல் புகார் மார்பைப் பற்றி இல்லை. “டாக்டர், பாகு பதம் தெரிய மாட்டேங்குது.”

அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது கரண்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டால் சரி. கரைந்தால் இன்னும் காயணும். கல்லாக இறுகினால் அந்த அண்டாவே வீண். நாற்பது வருடமாகக் கண்ணால் பார்க்காமல் விரலே சொல்லி வந்த சங்கதி. இப்போது விரல் நுனியில் துணி சுற்றினாற்போல் இருக்கிறது என்றார். காதுக்குள் ஓயாமல் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம், கடுகு பொரிவது கேட்கவில்லை என்றார்.

இரண்டும் சிஸ்பிளாட்டின் வேலை. நான்கு சுற்றில் அவருக்குச் சேர்ந்தது சதுர மீட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம், நரம்பு மரத்துப்போவது பொதுவாகத் தலைகாட்டத் தொடங்கும் அளவு. இந்த மருந்தின் குணம் என்னவென்றால், நிறுத்திய பிறகும் சில மாதம் மரப்பு ஏறிக்கொண்டே போகும். அதை அவரிடம் முன்கூட்டியே சொன்னேன். இல்லாவிட்டால் மருந்து முடிந்தும் கூடுகிறதே, நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். இரண்டு பாதத்திலும் காலுறை போட்ட அளவுக்கு, இரண்டு கையிலும் கையுறை போட்ட அளவுக்கு, இருபுறமும் ஒரே மாதிரி மரப்பு இருந்தது. சர்க்கரை இல்லை. கொதிக்கும் எண்ணெய் பக்கம் வெறுங்கையோடு போகக்கூடாது என்றேன். சிரித்தார்.

மற்றவை வழக்கம்போல. அறுத்த இடத்து விலா நரம்பு வலி, வலது தோள் இறுக்கம், அண்டா தூக்கினால் மூச்சு வாங்குவது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டோம். விறகடுப்பைக் கேஸுக்கு மாற்றச் சொன்னேன். பாதி மாற்றினார். பீடியை அறுவை நாளன்று விட்டவர், ஒன்பதாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டும்போது ஒன்று இழுத்ததாக அவரே ஒத்துக்கொண்டார். திட்டவில்லை. சிகிச்சைக்குப் பிறகும் புகைப்பவருக்கு மறுபடி வரும் ஆபத்தும் இரண்டாவது புற்றின் ஆபத்தும் கூடும் என்பதை மட்டும் சொல்லி, 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணை மருமகன் செல்போனில் பதிந்துகொடுத்தேன். கட்டணம் இல்லாத எண், தமிழிலும் பேசுவார்கள்.

முதல் சிடி சுத்தம். ஒவ்வொரு சிடிக்கு முந்தின வாரமும் அவர் மனைவி குன்றக்குடிக்கு நடந்துபோய்விட்டு வருவார். மாஸ்டருக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இருக்காது. அதற்கு மாத்திரை கேட்டார்கள். ஸ்கேன் எடுத்த அன்றே ரிப்போர்ட் கைக்கு வரும்படி ஏற்பாடு செய்ததுதான் மாத்திரையைவிட வேலை செய்தது.

பன்னிரண்டாம் மாதம்: இந்த முறை நிஜமாகவே காசநோய்

இரண்டாவது சிடியில் இடது கீழ் மடலின் மேற்பகுதியில் 9 மி.மீ. முடிச்சு ஒன்று, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சில. ரேடியாலஜிஸ்ட் ‘முந்தைய படத்தோடு ஒப்பிடவும்’ என்று எழுதியிருந்தார். ஒப்பிட முடியவில்லை, ஏனென்றால் முந்தைய சிடியின் வட்டு வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. மஞ்சப்பையில் ஃபிலிம் மட்டும்தான் போயிருந்தது. அடுத்த நாள் வட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முடிச்சு புதிது என்று உறுதியானது.

வீட்டில் அழுகை. மருமகன் பெட் ஸ்கேனுக்குப் பணம் கட்டத் தயாராகிவிட்டார். எனக்குக் கண்ணில் பட்டது அந்தப் பொடி முடிச்சுகளின் வடிவம். மொட்டு விட்ட கிளை மாதிரி மூச்சுக் கிளைக்குழாய்களை ஒட்டி இருந்தன. நுரையீரல் மருத்துவரிடம் பேசினேன். உள்நோக்கி வழியாகக் கழுவி எடுத்த நீரை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய்க் கிருமி இருந்தது, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அதனிடம் எதிர்ப்பு இல்லை. கழுவிய நீரில் புற்றணு காணப்படவில்லை.

காசநோய் இல்லாதபோது அந்த மாத்திரையை இரண்டு மாதம் சாப்பிட்ட மனிதர், காசநோய் நிஜமாகவே வந்தபோது புற்று என்று பயந்து ஒரு வாரம் சோறு தொடவில்லை. ஆறு மாதச் சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தொடங்கியது. சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் நரம்பை மரக்கச் செய்யும் என்பதால் பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமின் சேர்த்தோம். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைத் தடுக்கி விழவைத்தது இதுதான்.

பதினேழாம் மாதம்: இரண்டு சிட்டை

மாதாமாதம் எடை பார்க்க வருவார். மூன்றாம் மாதம் இடது முடிச்சு சுருங்கியிருந்தது, எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. ஐந்தாவது மாதம், “கை மரமரன்னு இருக்கு டாக்டர், கரண்டி நழுவுது” என்றார். பழைய சிஸ்பிளாட்டின் மரப்பு, அதன்மேல் ஐசோனியாசிட். கைவசம் இரண்டு காரணம் ரெடியாக இருந்தன. பைரிடாக்சினைக் கூட்டி எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. சீட்டில் ‘கைகள் மரப்பு’ என்று பன்மையில் எழுதியிருக்கிறேன். அவர் ஒருமையில்தான் சொல்லியிருந்தார்.

பத்தொன்பது நாள் கழித்து மனைவி தனியாக வந்தார். கையில் இரண்டு தாள். கல்யாண வீட்டுக்குச் சமையல்காரர் எழுதிக்கொடுக்கும் சாமான் சிட்டை. ஒன்று வைகாசி முகூர்த்தத்துக்கு எழுதியது, இன்னொன்று முந்தின நாள் எழுதியது.

“டாக்டரய்யா, அவுக கையெழுத்தப் பாருங்க. கடைக்காரரு 250ஆ 25ஆன்னு கேட்டு ஆள் அனுப்புறாரு.”

வைகாசிச் சிட்டையில் பட்டை 250, சோம்பு 500, மிளகாய் வற்றல் 6 கிலோ என்று அச்சடித்தாற்போல் வரிசையாக இருந்தது. புதியதில் எழுத்து சின்னதாகிக்கொண்டே போய், வரி கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. பூஜ்ஜியங்கள் ஒன்றும் மூடவில்லை. சில இடத்தில் வெறும் கொக்கியாக நின்றன.

அன்று சாயங்காலமே மாஸ்டரை வரவழைத்தேன். இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்னால் நீட்டி, கண்ணை மூடச் சொன்னேன். தட்டேந்துகிற மாதிரி நீட்டினார். நான்கைந்து விநாடி இரண்டும் சமமாக நின்றன. பிறகு வலது கை, யாரோ மெதுவாகத் திருகுவதுபோல் உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து தன் கையைத் தானே பார்த்து, “இது ஏன் இங்க வந்துச்சு?” என்றார். பாத மரப்பு முன்பு இருந்தபடியேதான் இருந்தது, கூடவில்லை. மருந்தால் வரும் மரப்பு இரண்டு பக்கமும் வரும், காலில் முதலில் வரும். ஒரு கையை மட்டும் பிடிப்பதில்லை. இதை மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் கேட்டபோதுதான், விடியற்காலையில் தலைவலி பத்து நாளாக இருப்பதும், எழுந்து ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடுவதும் தெரிந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்தாராம்.

எம்ஆர்ஐயில் மூளையின் இடது முன்பகுதியில் 2.2 செ.மீ. அளவில் ஒரே ஒரு கட்டி, சுற்றிலும் வீக்கம். அதே வாரம் எடுத்த மார்பு சிடி முழுச் சுத்தம். அட்டவணைப்படி சிடியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த மாதமும் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்றுதான் ரிப்போர்ட் வந்திருக்கும்.

ரிஃபாம்பிசின் என்கிற முள்

வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கினோம். வழக்கமாக ஓரிரு நாளில் கை தெளியும். இவருக்கு மூன்று நாளாகியும் அப்படியே இருந்தது. காரணம் காசநோய் மாத்திரையிலிருந்த ரிஃபாம்பிசின். அது கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு டெக்ஸாமெத்தசோனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். கொடுத்தது எட்டு மில்லிகிராம் என்றால் உள்ளே வேலை செய்தது அதில் ஒரு பங்குதான். ஸ்டீராய்டு அளவை இரட்டிப்பாக்கிய பிறகு கை தூக்க முடிந்தது. சர்க்கரை 280க்கு ஏறியது, அதைத் தனியாகக் கவனித்தோம். ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் இந்தத் தூண்டல் ஒரே நாளில் போய்விடாது, இரண்டு வாரம் வரை பிடிக்கும். ஆகவே காசநோய்ச் சிகிச்சை முடியும் தேதியையும் ஸ்டீராய்டைக் குறைக்கும் தேதியையும் ஒரே தாளில் எழுதி வைத்தேன். வலிப்பு வராததால் வலிப்பு மாத்திரை எதுவும் தரவில்லை.

மதுரையில் கட்டியை மட்டும் குறிவைத்து ஒரே அமர்வில் துல்லியக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். முழு மூளைக்கும் கொடுத்தால் ஞாபகம் மங்கும் என்பதால் ஒற்றைக் கட்டிக்கு இதுவே மேல். உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபியைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த மருந்துகளோடு காசநோய் கிளம்பிய அனுபவம் பல இடங்களில் உண்டு என்பதால் காசநோய்ச் சிகிச்சை முடியும்வரை தள்ளிவைத்தார்கள். முடிந்தபின் உடம்பில் வேறெங்கும் நோய் தெரியாததால் காத்திருந்து பார்ப்பதென்று குடும்பத்தோடு பேசி முடிவானது. இதில் வேறு கருத்துள்ள புற்றுநோய் மருத்துவர்கள் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு மாற்றிய சில

பத்தொன்பது நாள் முன்னாலேயே பிடித்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? ஒருவேளை கட்டி இன்னும் கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கும். ஆனால் அவர் அந்த நாள்களில் இரண்டு முகூர்த்தத்துக்குக் கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் அந்தக் கையோடு நின்றிருக்கிறார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது என்னிடம் வரும் நுரையீரல் புற்றுநோய் முடிந்தவர்கள் ஏழு பேர். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஆளைப் பொறுப்பாக்கியிருக்கிறேன், பெரும்பாலும் மனைவி அல்லது மகள். புதன்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப வேண்டும், எழுத வேண்டியதில்லை. எடை குறைந்ததா, சளியில் ரத்தமா, குரல் கம்மியதா, ராத்திரி எழுப்பிவிடும் எலும்பு வலி உண்டா, காலையில் தலைவலியோடு வாந்தியா, ஒரு பக்கம் மட்டும் ஏதாவது மாறியதா. அந்தக் கடைசிக் கேள்வி மாஸ்டருக்குப் பிறகு சேர்த்தது. இதோடு, எப்போதும் செய்கிற ஒரு கை வேலையில் மாற்றம் தெரிகிறதா என்றும் கேட்கிறேன். ஆத்தங்குடியில் டைல் போடும் ஒருவரின் மகள், ‘அப்பா ஊத்துற சாயம் கோட்டைத் தாண்டுது’ என்று சொன்னதில் கண்புரையைக் கண்டுபிடித்தோம். புற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொன்னாரே.

ஸ்கேன் வட்டுகளை மஞ்சப்பையிலேயே ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் காகிதத்தின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுக்கிறேன். என்ன கட்டி, எந்த நிலை, என்ன மருந்து எவ்வளவு, அடுத்த படம் எப்போது என்று.

இருபத்தைந்தாம் மாதம்

மூளை எம்ஆர்ஐ மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம். கட்டி இருந்த இடத்தில் ஒரு சின்ன வளையம் தெரிகிறது. கதிர்வீச்சில் கருகிய திசுவும் அப்படித்தான் தெரியும், திரும்பி வரும் கட்டியும் அப்படித்தான் தெரியும். மூன்று படத்தில் வளையம் வளரவில்லை. மார்பு சிடி சுத்தம்.

மாஸ்டர் இப்போது அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். பாகைப் பையன்கள் உருட்டிக் காட்டுகிறார்கள், இவர் கரண்டியிலிருந்து அது விழும் தினுசைப் பார்த்துச் சொல்கிறார். அடுத்த சிடி தையில் வருகிறது. அதே நாளில் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம், ஐந்து நாள் தள்ளிப் போட முடியுமா என்றார். சரி என்றேன். சிட்டை மட்டும் மாதம் ஒன்று என்னிடம் வர வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. கடைசியாக வந்ததில் கவுனி அரிசி 10 கிலோ, வெல்லம் 20, நெய் 30 என்று இருந்தது. நெய்யில் மட்டும் பூஜ்ஜியம் லேசாகத் திறந்திருந்தது. கையை நீட்டிக் கண்ணை மூடச் சொன்னேன். பத்து விநாடி எண்ணினேன், நின்றது. இன்னொரு பத்தும் எண்ணினேன்.